காருக்குள் ஒலிக்கும் தமிழ் தெளிவாகக் கேட்க வேண்டாமா?

தலைநகரிலும் அதைச் சுற்றியுள்ள நொய்டா, குர்கான், காஜியாபாத் பகுதிகளிலும் வாழும் நம் பிள்ளைகள் ஒரு நாளில் எவ்வளவு நேரம் தமிழ் கேட்கிறார்கள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும். மாலை விளையாட்டில் இந்தி மட்டும். வீட்டில் நாம் பேசும் தமிழோ 'சாப்பிட்டாயா, ஹோம்வொர்க் முடித்தாயா' என்ற அளவில் நின்றுவிடுகிறது. பாட்டாகவும் கதையாகவும் பேச்சாகவும் அவர்கள் தொடர்ந்து தமிழ் கேட்பது பெரும்பாலும் காரின் பின் இருக்கையில்தான். மயூர் விஹாரிலிருந்து ராமகிருஷ்ணபுரம் மலை மந்திருக்குப் போவதென்றால் நெரிசலில் ஒரு மணி நேரம் ஆகிவிடும். கோடை விடுமுறையில் காரிலேயே சென்னை போகிறவர்களுக்கு ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் பயணம்.

அந்த நேரத்தில் அவர்கள் காதில் விழுவது என்ன? நடுத்தர விலைக் கார்கள் பலவற்றில் கம்பெனியே பொருத்தித் தரும் ஸ்பீக்கர் மெல்லிய காகிதக் கூம்பும் சிறு காந்தமும் கொண்டது. தாளம் கேட்கும், சொல் கேட்காது. லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் காதால் மட்டுமே கற்கிற குழந்தைக்கு மழுங்கிய ஒலியைக் கொடுத்துவிட்டு, 'உச்சரிப்பு சரியில்லை' என்று குறைபட்டுக்கொள்வது நியாயமாகாது.

ஆகவே ஸ்பீக்கரை மாற்றுங்கள் என்கிறேன். ஆனால் கடைக்காரர் சொல்கிறபடி அல்ல.

கரோல் பாக் பக்கம் போய் விசாரித்தால் முதலில் காட்டுவது டிக்கியை அடைக்கும் பெரிய பாஸ் பெட்டி. டோல் முழங்கும் பஞ்சாபிப் பாட்டை முழு ஒலியில் வைத்து, 'கைஸா ஹை சாப்?' என்பார். நெஞ்சு அதிரும்; தலை தானாக ஆடும். அந்தப் பெட்டியில் நம் ஊர்ப் பாட்டை வைத்தால் மிருதங்கத்தின் தொப்பி மட்டும் உறுமும், வலந்தலை காணாமற்போகும், பாடகர் பக்கத்துத் தெருவில் பாடுவது போலிருக்கும். அரிசி மூட்டையும் ஊறுகாய் ஜாடியும் வைக்கிற இடம் போனதுதான் மிச்சம். உங்களுக்குப் பழக்கமான ஒரு பாட்டையும், இசையே இல்லாத ஒரு சொற்பொழிவையும் பென் டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். சொற்பொழிவு தெளிவாகக் கேட்கிற ஸ்பீக்கரே நம் குடும்பங்களுக்கு ஏற்றது என்பது என் கட்சி. வாட்ஸப்பில் பத்துக் கை மாறி வந்த பாட்டைக் கொண்டுபோய்ச் சோதிக்காதீர்கள். ஏற்கெனவே நசுங்கிய ஒலியை எந்த ஸ்பீக்கரும் நிமிர்த்தித் தராது.

அட்டைப் பெட்டியில் அச்சடித்திருக்கும் 300 வாட், 400 வாட் என்பதெல்லாம் ஸ்பீக்கர் ஒரு கணம் தாங்கக்கூடிய உச்சமே தவிர, அது தருகிற ஒலி அல்ல. காரில் உள்ள ஸ்டீரியோவின் முகப்பில் 50 வாட் என்றே எழுதியிருந்தாலும், ஒரு ஸ்பீக்கருக்கு இடைவிடாமல் அது அனுப்புவது 15 முதல் 20 வாட் வரைதான். தனி ஆம்ப்ளிஃபயர் வைக்காதவர்கள் பார்க்க வேண்டிய எண் 'சென்சிட்டிவிட்டி', டெசிபலில் போட்டிருப்பார்கள். 3 டெசிபல் கூடினால் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். 88 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்டில் தருகிற ஒலியை 91 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்டிலேயே தந்துவிடும். விலை சில ஆயிரங்களுக்குள் முடியும். முன்கதவு இரண்டுக்கும் ஒரு ஜோடி போதும். விலை கூடிய கார்களில் தனி ஆம்ப்ளிஃபயரோடு பெயர் பெற்ற கம்பெனியின் ஸ்பீக்கர் வந்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

பொருத்தும் வேலையை ஏன் வீட்டிலேயே செய்யச் சொல்கிறேன்? அவசரத்தில் இருக்கிற கடைப் பையன் ஒயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றிவிடுவான். டெல்லியின் மே மாத வெயிலில் அந்த டேப்பின் பசை உருகி வழியும். பிறகு கதவுப் பூட்டில் கோளாறு என்று போனால், ஒயர் வெட்டுப்பட்டதைக் காட்டி வாரண்டி இல்லை என்று சொல்ல சர்வீஸ் சென்டருக்கு வழி கிடைத்துவிடும். உங்கள் கார் மாடலுக்கான கப்ளர் ஒயரைக் கேட்டு வாங்கினால் வெட்டவே தேவையில்லை. பழைய பிளக்கில் அப்படியே செருகிக்கொள்ளும்.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுவதற்கு முன்பே கண்ணாடியை முழுவதும் இறக்கி, காந்தம் அதில் இடிக்குமா என்று அளந்துகொள்ளுங்கள். பல கார்களின் முன்கதவில் ஆறரை அங்குல ஸ்பீக்கர்தான் என்றாலும் ஆழம் ஆளுக்கு ஆள் மாறும். ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் வளையம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். கதவுக்குள் மழைநீர் இறங்கி அடியிலுள்ள துளை வழியாக வெளியேறுவது இயல்பு, எம்.டி.எஃப். வளையம் இரண்டு மழைக்காலத்தில் ஊதிவிடும். அதிர்வைக் குறைக்க பியூட்டைல் ஷீட் ஒட்டுகிறவர்கள் அந்தத் துளைகளை அடைத்துவிடக் கூடாது. தார் ஷீட் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒட்டினால் கோடை முழுவதும் காருக்குள் சாலை போடும் வாசனை வரும்.

கதவு அட்டைக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்தெறியாமல் பழையபடி ஒட்டுவது மிக முக்கியம். அது நீரைத் தடுப்பதற்கு மட்டுமல்ல. சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேகுக்கான அழுத்த உணர்கருவி கதவுக்குள்தான் இருக்கிறது. கதவு ஒழுங்காக மூடப்பட்டிருந்தால்தான் அது சரியாக வேலை செய்யும். ஒயரின் பிளஸ், மைனஸ் மாறிவிட்டால் இரண்டு ஸ்பீக்கர்களும் ஒன்றுக்கொன்று எதிராக இயங்கிக் கீழ் ஒலியே கேட்காது. ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பிளஸ்ஸுக்குப் பிளஸ் சேர்ந்தால் கூம்பு வெளியே தள்ளும். பத்தாம் வகுப்புப் பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு செய்தால் அவனுக்கும் ஒரு பாடம் ஆயிற்று.

கழற்றிய பழைய ஸ்பீக்கரைக் காயலான்காரருக்குப் போட்டுவிடாமல் பரண்மேல் வையுங்கள். காரை விற்கும்போது திரும்ப மாட்டிக்கொடுக்கலாம்.

கதவு அட்டையைக் கழற்றும் பிளாஸ்டிக் நெம்பு செட் ஒன்று என்னிடம் இருக்கிறது. சங்க உறுப்பினர்கள் யார் கேட்டாலும் தருகிறேன். வேலை முடிந்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும்.