போராட்டத்துக்கும் ஷிப்ட் வேண்டும்

களத்துக்கு வரும் இளைஞர்கள் பலரிடம் நாங்கள் இதைப் பார்க்கிறோம். தூக்கம் வராது. வன்கொடுமைச் செய்தி கேட்டால் கோபம்கூட வராது. சக தோழர் மேல் எரிந்து விழுவார்கள். பிறகு, சமூகத்துக்குத் துரோகம் செய்கிறோம் என்று தங்களையே நொந்துகொள்வார்கள்.

இது சோம்பல் இல்லை. 'பர்ன் அவுட்' எனும் சோர்வு. உளவியலாளர் ஃப்ராய்டன்பெர்கர் 1974-இல் இதைப் பற்றி எழுதியதே, நியூயார்க்கின் இலவச மருத்துவமனைத் தன்னார்வலர்களைப் பார்த்துத்தான்.

நெய்வேலிப் பக்கத்து முதனையைச் சேர்ந்த பழங்குடி இராசாக்கண்ணு, 1993-இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். சென்னை உயர்நீதிமன்றம் காவலர்களைத் தண்டித்தது 2006-இல். 13 ஆண்டுகள்! மனைவி பார்வதியின் உறுதி பெரிது. ஆனால் மார்க்சிஸ்ட் தோழர்களும் வழக்கறிஞர் சந்துருவும் கூட நின்றதால்தான் வழக்கும் நின்றது.

நெய்வேலிச் சுரங்கம் இரவு பகலாக ஓடுகிறது. ஒரே தொழிலாளி நின்றா ஓட்டுகிறார்? நம் அமைப்புகளில் மட்டும் சம்பவ இடத்துக்குப் போவது, எஃப்.ஐ.ஆருக்காகக் காத்துக் கிடப்பது, நள்ளிரவு போன் எடுப்பது எல்லாம் ஒருவர் தலையில்.

முறை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். கொலை நடந்த வீட்டுக்குப் போய் வந்தவரை மறுநாளே அடுத்த ஊருக்கு அனுப்பாதீர்கள். அவர் பார்த்ததைச் சொல்லவிட்டுக் கேளுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்பவரைத் தனியே விடாதீர்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, கட்டணம் இல்லை. ஒதுங்கியவரை 'ஓடிப்போனவர்' என்று பேசாதீர்கள். அவர் திரும்பி வரும்போது உட்கார ஓர் இடம் இருக்கட்டும்.