மெல்போர்னில் நம் மாணவர்

2009-ம் வருஷத்தில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் இந்திய மாணவர் தாக்குண்டபோது, நம் தேசத்தில் அது நிறத்துவேஷமென்றே பேசப்பட்டது. அந்நாட்டுக் குற்றவியல் ஸ்தாபனம் 2011-ல் வெளியிட்ட ஆராய்ச்சியோ, அவர்கள் அடிபடுவது பொதுஜனங்களைவிட மிகுதியல்லவென்றும், பெரிய மாகாணங்களில் வழிப்பறிக்கு ஆளாவதே மிகுதியென்றும் கண்டது. ஆகவே பயம் வீண் என்பாருளர். நாம் அதனை ஒப்போம். நள்ளிரவுவரை பெட்ரோல் கடையில் ஊழியஞ்செய்து, கடைசி ரயிலில் தன்னந்தனியே திரும்புகிறவனுக்குச் சராசரிக் கணக்கு என்ன ஆறுதலளிக்கும்? சராசரிப் பிரஜை அந்நேரத்தில் உறங்கிக்கொண்டிருக்கிறானே! ரயிலில் தாய்மொழியை உரக்கப் பேசவேண்டாமென்று போலீஸார் அன்று புத்தி கூறியது விந்தையிலும் விந்தை. வாடகைக்கஞ்சித் தூரப்புறங்களில் குடியிருக்கும் அந்நிய மாணவருக்கு, அவர்களிடம் பெருங்கட்டணம் வாங்கும் கலாசாலைகள் தம் அருகிலேயே மலிவான ஜாகை அமைத்துக் கொடுக்கட்டும்.