ஓலைக்குள் ஓர் ஓசை

பாறசாலையில் அதற்குப் பெயர் கிலுக்காம்பெட்டி. எல்லை தாண்டிக் களியக்காவிளைக்கு வந்தால் கிலுகிலுப்பை. 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கு வந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கிவிட்டது. பனை மரங்களுக்கு அந்தச் சேதி எட்டவில்லை. இரு பக்கமும் அதே ஓலை, அதே ஓசை.

2017இல் உலகெங்கும் பள்ளிப் பிள்ளைகளின் விரல் நுனியில் 'ஃபிட்ஜெட் ஸ்பின்னர்' சுழன்றது. அது கவனத்தைக் கூட்டும் என்ற விளம்பரத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள் மருத்துவர்கள். வகுப்பைக் கெடுக்கிறது என்று பல பள்ளிகள் தடையே போட்டன. மோகம் சில மாதங்களில் அடங்கியது. தேவை அடங்கவில்லை. கை சும்மா இருக்க மறுக்கும் குழந்தைக்கு, முக்கியமாக ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு, தொட்டுத் தடவ ஒரு பொருள் ஆறுதல் தரலாம்.

வழவழ பிளாஸ்டிக் எங்கு தொட்டாலும் ஒன்றுபோலத்தான். முடைந்த ஓலை அப்படியல்ல. பின்னலில் சொரசொரப்பு, மடிப்பில் வழுவழுப்பு, அமுக்கினால் சற்று நெளிந்து மீளும் உடல், ஆட்டினால் சத்தம். ஒரே பொருளில் விரலுக்கு நான்கு வேலை.

ஆபத்தும் அதற்குள்தான் இருக்கிறது. ஓலை விளிம்பு கையைக் கிழிக்கும். அதை உள்ளே மடக்கியாக வேண்டும். குன்றிமணி அழகுதான், ஆனால் மென்றால் நஞ்சு. அதை உள்ளே போடவே கூடாது. மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மையிலிருந்து கழன்று விழும் எந்தத் துண்டும் 31.7 மி.மீ. விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் முழுதாக அடங்கக் கூடாது என்பது தர விதி. எட்டு வயதிலும் எதையும் வாயில் வைக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு வயதுக் கணக்கு உதவாது. பெட்டிக்குள் பெட்டியாக இரட்டைப் பின்னல் போட்டால், ஒன்று பிரிந்தாலும் உள்ளிருக்கும் மணி சிந்தாது. கடிக்கிற பிள்ளைக்கு மணியே வேண்டாம். பிரிந்த பொம்மையைத் தைத்துக் கொடுக்காமல் தூக்கி எறிவதே நல்லது.

2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய அரசிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்கும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. ஓலை முடைபவர்கள் பிழைக்க அது தேவையான சலுகை. ஆனால் விலக்கு கைவினைஞருக்குத்தான். குழந்தையின் தொண்டைக்கு இல்லை. சோதனைக்கூடம் பார்க்காததை முடைகிற கைதான் பார்த்தாக வேண்டும்.