கதையில் ஆதாரம், வாழ்வில் விதியா?

வடுவூர் துரைசாமி ஐயங்காரின் "கும்பகோணம் வக்கீல்" முதலிய துப்பறியும் நாவல்களைப் படிக்கும் தோழர்கள், பக்கத்துக்குப் பக்கம் "இதற்கு ஆதாரமென்ன?" என்று துருவுகின்றார்கள். அரியலூர், பெரம்பலூர் மண்ணை வைத்தும் அப்படியொரு நாவல் எழுதட்டும். சோளக்கூழும் சின்ன வெங்காயமும், சுண்ணாம்புக்கல் பள்ளமும் சிமெண்டு ஆலைப் புழுதியும் அதில் தாராளமாக வரட்டும்.

ஆனால், 1956 நவம்பரில் அரியலூருக்கருகே மருதையாற்று வெள்ளத்தில் ரயில் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டதைத் துப்பறிவோன் "தலைவிதி" என்று முடித்தால், புத்தகத்தை வீசியெறிய மாட்டோமா? பாலம் ஏன் பழுதாயிற்று என்றல்லவா அவன் விசாரிக்க வேண்டும்? ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமாச் செய்தது விதியை நம்பியா, பொறுப்பை உணர்ந்தா?

அப்படியிருக்க, வீட்டில் குழந்தை காய்ச்சலில் கிடந்தால் மட்டும் வைத்தியரை விட்டுச் சோதிடனிடம் ஓடுவானேன்? நாவலுக்குச் செலவிடும் அறிவைச் சொந்த வாழ்வுக்கும் செலவிடக் கூடாதா என்று கேட்கின்றோம்.