வானத்துச் சுமைதாங்கிகள்

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே தெற்கு நோக்கிச் செல்லும் பஸ்ஸில் ஏறினால், தெஹிவளையையும் கல்கிசையையும் கடந்து இரத்மலானையை அடையலாம். அங்குள்ள விமானப்படை நூதனசாலைக்கு எம் மாணாக்கர் சிலரை அண்மையில் அழைத்துச் சென்றோம். போர் விமானங்களைச் சூழ்ந்து நின்று வியந்த பிள்ளைகள், பழைய 'டவ்', 'ஹெரன்' விமானங்களை ஏறெடுத்தும் பார்த்தாரல்லர். "இவை எந்தச் சண்டையில் ஈடுபட்டவை, சேர்?" என்று ஒருவன் வினவினான். சண்டைக்கு அல்ல, சுமப்பதற்கென வந்தவை என்றோம். அவ்விடை அவனுக்குச் சுவைக்கவில்லை. நேயர்களுக்கேனும் அதனைச் சற்று விரித்துரைப்போம்.

இரத்மலானை மண்ணில் முதன்முதல் விமானம் இறங்கியது 1935-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆந் திகதியாகும். சென்னையிலிருந்து பறந்து வந்த சிறு விமானம் அது. இரண்டாம் உலக யுத்தத்திலே இந்நிலம் பிரித்தானிய விமானப்படையின் தளமாயிற்று. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது, 'ஹரிக்கேன்' விமானங்கள் இங்கிருந்தும் எழுந்து எதிர்த்தன. யுத்தம் ஓய்ந்தபின், 1947 டிசம்பர் 10-ஆந் திகதி, எயார் சிலோனின் டக்கோட்டா இங்கிருந்தே காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தன் முதற் பயணத்தைத் தொடங்கியது.

விமானத்தால் ஒரு நகரத்துக்கே சோறூட்டலாம் என்பதை உலகம் கண்டது 1948-49-இலேயாம். பாதைகள் அடைபட்ட மேற்கு பெர்லினுக்குச் சுமார் 23 இலட்சம் தொன் உணவும் நிலக்கரியும் ஏனைய பொருள்களும் ஆகாய மார்க்கமாகவே சென்று சேர்ந்தன. அதே 1949-இல் இலங்கையில் 41-ஆம் இலக்க விமானப்படைச் சட்டம் நிறைவேறியது. நிரந்தரப் படையோடு தொண்டர் படைக்கும் சேமப்படைக்கும் அச்சட்டம் இடம் வகுத்தது. 1951 மார்ச் 2-ஆந் திகதி படை பிறந்தது. எண்மரை ஏற்றும் 'டவ்' விமானமும், 'டிராகன்பிளை' என்னும் ஹெலிகொப்டரும் 1955-ஐ ஒட்டி வந்தன. ஜெட் விமானம் வந்ததோ 1959-ஐ ஒட்டியே. சுமப்பன முந்தின, சுடுவன பிந்தின என்பதை மாணவர் மனத்திற் கொள்க.

1957 டிசம்பரில் பெருவெள்ளம் நாட்டை மூழ்கடித்தது. நாச்சதுவ முதலிய குளங்கள் உடைப்பெடுத்தன. விமானியோடு மூவர் நாலுபேரையே தாங்கவல்ல அச்சிறு ஹெலிகொப்டர்கள் மீட்புக்கு ஏவப்பட்டன. அவை போதாமையால், அமெரிக்கக் கடற்படையின் 'பிரின்ஸ்டன்' கப்பலும் தன் ஹெலிகொப்டர்களோடு உதவிக்கு வந்தது. பின்னர், 1970-களில், பொருள்முடை நேர்ந்த காலத்திலே, இதே படை 'ஹெலிடுவர்ஸ்' என்னும் பெயரால் உல்லாசப் பயணிகளையும் ஏற்றிப் பறந்தது.

அதன்பின் நிகழ்ந்ததை மறைத்தல் முறையன்று. 1980-களின் பிற்பகுதியில் வாங்கப்பட்ட 'வை-12' என்னும் பதினேழு ஆசனச் சுமை விமானங்கள், போர்க்காலத்தில் வடக்கே குண்டு வீசவும் பயன்பட்டன. அவ்வாறு குண்டு சுமந்த விமானத்தை யாழ்ப்பாணத்தார் 'சகடை' என்றழைத்தனர். அதன் இரைச்சல் கேட்டால் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடியோர் இன்றும் நம்மிடையே உளர்.

இரத்மலானைக்கும் நமக்கும் வேறோர் உறவுமுண்டு. 1983 ஜூலையில் வீடிழந்த நம்மவர் தஞ்சம் புகுந்த இடங்களுள், இரத்மலானை இந்துக் கல்லூரியும் இவ்விமான நிலையத்துக் கொட்டகையும் அடங்கும். கைக்குழந்தையாயிருந்த எம்மை இடுப்பிற் சுமந்து, அக்கொட்டகையின் சீமெந்துத் தரையிலே பல இரவுகள் கழித்ததை எம் அன்னையார் சொல்லக் கேட்டிருக்கிறோம். பின்பு கப்பலேறிக் காங்கேசன்துறை சென்றார்கள். விமானங்கள் நிற்கவேண்டிய இடத்தில் அன்று மனிதர் படுத்திருந்தனர்.

2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கி முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன பின்னர், ஹெலிகொப்டர் ஒலி கேட்டுக் கரையோர மக்கள் அண்ணாந்து பார்த்தனர், இம்முறை நம்பிக்கையோடு. 2017 மே வெள்ளத்தில், நெலுவைப் பகுதியில் மீட்புப் பணியிலிருந்த வான்படை வீரர் ஒருவர் ஹெலிகொப்டரிலிருந்து விழுந்து உயிர் நீத்தார். அவர் காக்கச் சென்றது தமக்கு முன்பின் அறியாத மக்களையாம்.

நம் ஊர்த் தெருவோரங்களிலே சுமைதாங்கிக் கல் இருப்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். யார் சுமை, என்ன சுமை என்று அக்கல் கேட்பதில்லை. விமானமும் அவ்வாறே, அரிசி ஏற்றினாலும் பறக்கும், குண்டு ஏற்றினாலும் பறக்கும். எதை ஏற்றுவதென்று தீர்மானிப்பவன் மனிதன். ஆதலால் அதற்குப் பொறுப்பாளியும் அவனே.

திரும்பி வரும்போது இவ்வளவையும் அம்மாணவனுக்குச் சொன்னோம். சிறிது நேரம் மௌனமாயிருந்தவன், "அந்தக் கொட்டகை எது, சேர்?" என்று கேட்டான். நூதனசாலைப் பலகை எதிலும் அக்கேள்விக்கு விடை எழுதப்பட்டிருக்க நாம் காணவில்லை. அடுத்த முறை அன்னையாரையும் உடன் அழைத்துச் செல்ல எண்ணியுள்ளோம்.