சொதப்பல் லெவனும் கணக்குப் புத்தகமும்

மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் நாலு பேர் ஒரு இடத்தில் சேர்ந்தால் முதல் அரைமணி நேரம் பழைய பெருமைதான் ஓடும். 1999-ல் பார்சிலோனாவில் ஆட்டம் முடியும் தறுவாயில் அடுத்தடுத்து விழுந்த இரண்டு கோல், கான்டோனாவின் தூக்கிவிட்ட காலர், ரொனால்டோவின் ஃப்ரீ கிக்... இதெல்லாம் தீர்ந்ததும் யாராவது ஒருத்தர் மெதுவாகத் திரி கொளுத்துவார். "அதெல்லாம் சரிப்பா, நம்ம கிளப்புக்கு வந்ததிலேயே படு மொக்கை யாரு?"

அவ்வளவுதான். அன்றைய பொழுது அதிலேயே போய்விடும்.

கவனித்துப் பார்த்தால் பெருமை பேசும்போது இல்லாத உற்சாகம் இந்தப் பேச்சில் இருக்கும். புகழ்வது எல்லோருக்கும் பொது. ஜெயித்த கோப்பையை எதிரணிக்காரன்கூட ஒப்புக்கொள்வான். ஆனால் சொதப்பியவனின் பெயர் வீட்டுக்குள் தெரிந்த ரகசியம் மாதிரி. அதை ஞாபகம் வைத்திருப்பவன்தான் உண்மையான ரசிகன் என்று ஒரு கணக்கு. தவறில்லை. ஆனால் அந்தப் பட்டியலை எந்த அளவுகோலை வைத்துப் போடுகிறார்கள் என்பதில்தான் வில்லங்கம்.

கோல்கீப்பரிலிருந்து ஆரம்பிக்கலாம். மாசிமோ தைபி. 1999-ல் இத்தாலியின் வெனிசியா கிளப்பிலிருந்து 4.5 மில்லியன் பவுண்டுக்கு வந்தார். செப்டம்பர் 25-ஆம் தேதி சவுத்தாம்ப்டனுடன் ஆட்டம். மாட் லெ டிசியே அடித்த பந்து ஒன்று சோம்பலாக உருண்டு வந்தது. குழந்தைகூடப் பிடித்திருக்கும். தைபியின் கைக்குள் வந்து, நழுவி, காலிடுக்கில் புகுந்து கோட்டைத் தாண்டிவிட்டது. ஆட்டம் 3-3. அடுத்த மேட்சில் செல்சீயிடம் 5-0. அதோடு அவர் கதை முடிந்தது. மொத்தமே 4 மேட்ச். கால் நூற்றாண்டு தாண்டியும் சொதப்பல் லெவனில் கோல்கீப்பர் இடத்துக்குப் போட்டியே கிடையாது.

அதே தைபி இத்தாலிக்குத் திரும்பி, ரெஜினா கிளப்புக்காக 2001-ல் உதினேசேவுக்கு எதிராக எதிரணி கோல் வரை ஓடிப்போய் தலையால் முட்டி கோல் போட்டார். கோல்கீப்பர் போட்ட கோல்! அதை மான்செஸ்டரில் யாரும் பேசுவதில்லை. அங்கே அவருக்கு ஒரே ஒரு புகைப்படம்தான், காலிடுக்கில் பந்து.

அடுத்தது பெபே. 2010-ல் 7.4 மில்லியன் பவுண்ட் கொடுத்து போர்ச்சுகலிலிருந்து வாங்கினார்கள். வாங்குவதற்கு முன் அவர் ஆடி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்று அலெக்ஸ் பெர்குசனே ஒப்புக்கொண்டார். 7 மேட்ச், 2 கோல், மூட்டை கட்டியாயிற்று. பட்டியலில் பெபே பெயர் வந்தால் ஒரு கேலிச் சிரிப்பு எழும். அவர் ஆதரவற்ற குழந்தைகளுக்கான விடுதியில் வளர்ந்தவர், தெருக் கால்பந்தாட்டத்திலிருந்து மேலே வந்தவர். பார்க்காமலே வாங்கியது யார்? பெபேயா தன்னைத் தானே வாங்கிக்கொண்டார்? 2024 ஜனவரியில் ஆப்பிரிக்கக் கோப்பையில் கேப் வெர்டே அணிக்காக மொசாம்பிக்குக்கு எதிராக வெகு தூரத்திலிருந்து ஒரு ஃப்ரீ கிக் அடித்து கோல் போட்டார். பையனுக்குக் கால் இருந்தது. கிளப்புக்குக் கண்தான் இல்லை.

இங்கேதான் கணக்குப் பாடம் உதவுகிறது. ஏமாற்றம் என்பது ஒரு எளிய கழித்தல். எதிர்பார்த்ததிலிருந்து கிடைத்ததைக் கழித்தால் மிச்சம் ஏமாற்றம். இதில் 'கிடைத்தது' மட்டும்தான் ஆட்டக்காரர் கையில். 'எதிர்பார்த்தது' பெரும்பாலும் விலையிலிருந்து வருகிறது. அந்த விலையை அவர் போடவில்லை. விற்ற கிளப்பும் வாங்கிய கிளப்பும் அறைக்குள் உட்கார்ந்து போட்டது.

ஆன்டனியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-ல் அயாக்ஸ் கிளப்பிலிருந்து வந்தபோது விலை 95 மில்லியன் யூரோ, மேற்கொண்டு தரவேண்டிய தொகை தனி. ஐந்து வருஷ ஒப்பந்தம். கால்பந்து கிளப்கள் இந்தத் தொகையை ஒரே வருஷத்தில் செலவு எழுதுவதில்லை. தொழிற்சாலை இயந்திரத்துக்குத் தேய்மானம் போடுவது போல, ஒப்பந்த வருஷங்களுக்குச் சமமாகப் பிரித்து எழுதுவார்கள். அதாவது வருஷத்துக்கு 19 மில்லியன் யூரோ, சம்பளம் தவிர. அவர் தூங்கினாலும் ஆடினாலும் புத்தகத்தில் இது ஏறிக்கொண்டே இருக்கும். முதல் மூன்று லீக் மேட்சிலும் கோல் போட்டு அசத்தியவர், கடைசியில் 96 மேட்சில் 12 கோலோடு நின்றார்.

அதே கால், அதே ஆட்டம், விலை மட்டும் 25 மில்லியன் என்றிருந்தால்? "பரவாயில்லை, சுமாரான விங்கர்" என்று நாலே வார்த்தையில் மறந்திருப்பார்கள். 2025 ஜனவரியில் ரியல் பெத்திஸுக்குக் கடனாகப் போனார். கான்ஃபரன்ஸ் லீக் அரையிறுதியில் ஃபியோரென்டினாவுக்கு எதிராகக் கோல் போட்டு, அந்தக் கிளப்பை முதன்முறையாக ஒரு ஐரோப்பிய இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோக உதவினார். செவில் நகரத்துக்காரர்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். மனிதர் மாறவில்லை, அவர் கழுத்தில் தொங்கிய விலைச்சீட்டுதான் மாறியது.

விலையே இல்லாமல் வந்தாலும் ஆப்பு உண்டு. 2018 ஜனவரியில் அலெக்சிஸ் சான்செஸ் ஆர்சனலிலிருந்து வந்தார். மிக்கித்தாரியானைக் கொடுத்து இவரை வாங்கிய பண்டமாற்று. 'சும்மா கிடைத்தார்' என்று ஆனந்தப்பட்டார்கள். பியானோ வாசித்து வரவேற்பு வீடியோவெல்லாம் போட்டார்கள். ஆனால் சம்பளம் கிளப்பின் மற்ற எல்லோரையும் தாண்டி நின்றது. 45 மேட்ச், 5 கோல். அந்த ஒரு சம்பளத்தைக் காட்டி மற்றவர்களும் அதிகம் கேட்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? ஒரு ஆள் செலவு ஒரு ஆளோடு நிற்காது. இலவசம் என்று வருவதற்கும் பில் உண்டு, வேறு கவுண்டரில்.

போக்பா கதை இன்னும் விசேஷம். கிளப்பின் அகாடமியில் வளர்ந்த பையன். 2012-ல் சொற்பத் தொகையோடு யுவென்டஸுக்குப் போகவிட்டார்கள். 2016-ல் அதே பையனை 89 மில்லியன் பவுண்ட் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். அன்றைக்கு அது உலக சாதனை. 2022-ல் ஒப்பந்தம் முடிந்து மறுபடியும் சும்மா போனார். தன் கடைச் சரக்கை வெளியே வீசி, சந்தை விலைக்குத் திரும்ப வாங்கி, மறுபடி வீசிய முதலாளியை எந்த வியாபாரி மன்னிப்பான்? ஆனால் ரசிகர்களின் பட்டியலில் இருப்பது போக்பா. முதலாளி இல்லை. (அந்த ஆறு வருஷத்தில் 2017 யூரோப்பா லீக் இறுதிப் போட்டியில் கோல் போட்டதும் அவர்தான். 2018 உலகக் கோப்பை இறுதியில் பிரான்ஸுக்காகக் கோல் போட்டதும் அவர்தான்.)

வியாபாரப் பாடத்தில் 'மூழ்கிய செலவு' என்று ஒன்று வரும். போன பணம் போனதுதான். அதை நினைத்து அடுத்த முடிவை எடுக்கக்கூடாது. ஆனால் பெரிய விலை கொடுத்த கிளப்பால் அது முடிவதில்லை. 80 மில்லியன் கொடுத்தோமே, பெஞ்சில் உட்கார வைத்தால் கேவலமாச்சே என்று இறக்குவார்கள். ஃபார்மில் இல்லாதவன் மேலும் மேலும் சொதப்புவான். கேலரியில் கூச்சல் ஏறும். முடிவெடுத்தவர்கள் கண்ணாடி அறைக்குள், கூச்சலை வாங்குவது புல்தரையில் நிற்கிறவன்.

2013-ல் பெர்குசன் ஓய்வு பெற்றார். 2024 நவம்பரில் ரூபன் அமோரிம் வருவதற்குள் மோயஸ், வான் கால், மொரீன்யோ, சோல்ஷார், டென் ஹாக் என்று ஐந்து நிரந்தர மேனேஜர்கள் வந்து போனார்கள். ஒருவர் வாங்கச் சொன்ன ஆட்டக்காரர் அடுத்தவரின் திட்டத்துக்குப் பொருந்தவில்லை. ஏஞ்சல் டி மரியா 2014-ல் 59.7 மில்லியன் பவுண்டுக்கு வந்தார். விங்கரை மேனேஜர் இடம் மாற்றி மாற்றி ஆட வைத்தார். நடுவில் அவர் வீட்டுக்குள் திருடர்கள் புகப் பார்த்தார்கள், குடும்பம் பயந்து போனது. ஒரே சீசனில் கிளம்பிவிட்டார். லெவனில் இடம் நிச்சயம். அதே டி மரியா 2021 கோபா அமெரிக்கா இறுதியிலும் 2022 உலகக் கோப்பை இறுதியிலும் அர்ஜென்டினாவுக்காகக் கோல் போட்டவர். இவரா மோசமான ஆட்டக்காரர்?

காயப்பட்டவர்களையும் விட்டுவைப்பதில்லை என்பதுதான் கொடுமை. ஓவன் ஹார்க்ரீவ்ஸ் 2007-ல் வந்தார். 2008-ல் மாஸ்கோவில் சாம்பியன்ஸ் லீக் இறுதியின் பெனால்டி ஷூட் அவுட்டில் தன் பங்கைச் சரியாகப் போட்டார். அப்புறம் முழங்கால்கள் கைவிட்டன. நான்கு வருஷத்தில் 39 மேட்ச்தான். முழங்கால் தேய்ந்ததைச் சொதப்பல் கணக்கில் எழுதுவது என்ன நியாயம்?

ஃபோர்லானை மறக்க முடியுமா? 2002 ஜனவரியில் வந்த டியகோ ஃபோர்லான் முதல் கோல் போட எட்டு மாதம் எடுத்துக்கொண்டார். அதுவும் ஒரு பெனால்டி. எதிரணி ரசிகர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் 2002 டிசம்பர் 1-ஆம் தேதி ஆன்ஃபீல்டில் லிவர்பூலுக்கு எதிராக இரண்டு கோல். 2-1 வெற்றி. அந்த ஒரு நாளுக்காக இன்றைக்கும் அவர் பெயரைப் பாடுகிறார்கள். 98 மேட்சில் 17 கோல் என்பது ஸ்ட்ரைக்கருக்குச் சுமாருக்கும் கீழ். இருந்தும் சொதப்பல் லெவனில் அவரைச் சேர்த்தால் சண்டைக்கு வருவார்கள். அப்புறம் ஸ்பெயினில் இரண்டு தடவை அதிக கோல் போட்டவர், 2010 உலகக் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரர் என்றெல்லாம் ஆனது தனிக்கதை. ஆக, இந்தப் பட்டியல் கோல் கணக்கில் ஓடவில்லை. பாசத்தில் ஓடுகிறது.

பாசத்தில் ஓடுவதால்தான் அது வெறுப்பாகவும் சீக்கிரம் திரும்புகிறது. ஹாரி மகுவயர் 2019-ல் 80 மில்லியன் பவுண்டுக்கு வந்தார், டிஃபெண்டர்களில் உலக சாதனை விலை. சில மாதங்களில் கேப்டன். பிறகு சறுக்கல். அவர் தடுமாறும் ஒவ்வொரு நொடியும் சிரிப்பு வீடியோ ஆனது. 2022-ல் கானா நாட்டு எம்.பி. ஒருவர் தங்கள் துணை அதிபரைத் திட்டுவதற்கு நாடாளுமன்றத்தில் மகுவயரை உதாரணம் காட்டினார். (ஒரு வருஷம் கழித்து அதே எம்.பி. மகுவயரிடம் மன்னிப்புக் கேட்டார். மகுவயரும் ஏற்றுக்கொண்டார் :-) )

இதுவரை சிரிக்கலாம். ஆனால் 2022 ஏப்ரலில், லிவர்பூலிடம் 4-0 தோற்ற அதே வாரம், மகுவயர் வீட்டுக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்தது. வருங்கால மனைவி, குழந்தைகள் உள்ள வீடு. மோப்ப நாய்களோடு போலீஸ் வந்து தோட்டத்தைச் சோதித்தது. ஒரு பந்தைத் தடுக்கத் தவறியதற்கா இது? மொக்கை, வேஸ்ட், தண்டம் என்று ஆயிரம் பேர் விளையாட்டாகச் சொல்லும்போது, அதை விளையாட்டாக எடுக்காத ஆயிரத்து ஒன்றாவது ஆளும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

"பணம் கொடுத்து டிக்கெட் வாங்குகிறோம், திட்ட உரிமை இல்லையா?" என்று ரசிகர் கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஓல்ட் டிராஃபோர்டில் மழையில் நனைந்து கத்துகிறவன் வாரக் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்திருப்பான். அவன் மொத்த வருஷச் சம்பாத்தியத்தைச் சில நாளில் வாங்கும் ஆள் ஓடாமல் நின்றால் கடுப்பு வராமல் என்ன செய்யும்? முயற்சியே செய்யாதவனைத் தாராளமாகத் திட்டலாம். முயன்று முடியாமல் போனவனையும், முழங்கால் போனவனையும், தப்பான இடத்தில் நிறுத்தப்பட்டவனையும் அதே மூட்டையில் கட்டுவதுதான் பிழை. அப்படிக் கட்டும்போது செக்கில் கையெழுத்துப் போட்டவர்கள் சத்தமில்லாமல் பின்வாசல் வழியாகப் போய்விடுகிறார்கள். அடுத்த வருஷம் இன்னொரு செக்கோடு திரும்பி வருகிறார்கள்.

2025 ஏப்ரலில் லியோன் அணியுடன் நடந்த யூரோப்பா லீக் காலிறுதியில், கூடுதல் நேரமும் முடியப்போகிற கட்டத்தில் தலையால் முட்டி 5-4 என்று ஜெயிக்க வைத்தவர் யார்? மகுவயர். 2025 அக்டோபரில் ஆன்ஃபீல்டில் 84-ஆவது நிமிஷம் வெற்றி கோலைத் தலையால் முட்டியவர் யார்? அவரேதான். 2016-க்குப் பிறகு யுனைடெட் அங்கே ஜெயித்தது அன்றைக்குத்தான். ஃபோர்லான் மன்னிக்கப்பட்ட அதே மைதானம்.

அடுத்த தடவை சொதப்பல் லெவன் போட உட்காருகிறவர்கள் பதினோரு பேரையும் தாராளமாகப் போடட்டும். தைபியின் காலிடுக்கை நினைத்துச் சிரிக்கட்டும். பன்னிரண்டாவதாக ஒரு வரி மட்டும் சேர்த்தால் போதும், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'வாங்கியது யார்' என்று. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பற்றுக்கு எதிரே வரவு எழுதாமல் ஐந்தொகை சரியாக வராது.