எந்த வேலைக்கு எந்த நாய்?



சென்ற சித்திரையில் என் தெருக்காரர் ஒருவர் யோசனை கேட்க வந்தார். "சார், நீங்கள் விஞ்ஞானம் படித்தவர். என்ன ஜாதி நாய் வாங்கலாம், சொல்லுங்கள்" என்றார். "எந்த வேலைக்கு?" என்று திருப்பிக் கேட்டேன். அவரிடம் விடை இல்லை. இரண்டு வாரம் கழித்து அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு சைபீரிய ஹஸ்கி கட்டப்பட்டிருந்தது. உச்சி வெயிலில் அது நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துக்கொண்டிருந்தது.

ஏன் இரைத்தது? இதில் நம் பௌதிகப் பாடம் இருக்கிறது. ஹஸ்கி, சைபீரியாவின் சுக்சி மக்கள் பனியில் சறுக்கு வண்டி இழுக்க வளர்த்த இனம். அதன் ரோமம் இரண்டு அடுக்கு கொண்டது. உள்ளடுக்கில் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. எனவே உடலில் உண்டாகும் வெப்பம் வீணாவதில்லை. உறைபனியில் இது வரம். நம் ஊரிலோ? நாயின் உடல் வெப்பநிலை சுமார் 38.5 டிகிரி சென்டிகிரேடு. சுற்றுப்புறமும் அதே அளவு சூடாகிவிட்டால் கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்ற மூன்று வழிகளும் பயன்படா. ஆவியாதல் ஒன்றுதான் மிச்சம். ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. நமக்கு உடல் முழுவதும் வியர்க்கும். நாய்க்குப் பாதங்களில்தான் வியர்க்கும். ஆகவே அது வாயையும் நாக்கையும் நம்பியிருக்கிறது. காற்றில் ஈரம் மிகுந்த கடலோர ஊர்களில் அந்த வழியும் மந்தமாகிவிடும்.

"அப்படியானால் நாட்டு நாய் வாங்கினால் போதும்" என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். சிப்பிப்பாறை நாயைப் பாருங்கள். ஒடுங்கிய உடல், குட்டை ரோமம், நீண்ட கால்கள். எடைக்கு ஒப்பிட்டால் அதன் தோலின் பரப்பு அதிகம். வெப்பம் விரைவில் வெளியேறும். கரிசல் காட்டில் முயலைத் துரத்திப் பிடிப்பதற்கென்றே உருவான உடல் அது. இன்று வேட்டை சட்டப்படி குற்றம். வேலை போய்விட்டது, ஓடும் வேட்கை போகவில்லை. அதை இரண்டு அறை வீட்டில் சங்கிலியில் கட்டிவைப்பதும், ஹஸ்கியை வெயிலில் கட்டிவைப்பதும் ஒரே தவறுதான் என்பது என் கருத்து.

பிறரை மட்டும் குறை சொல்வானேன்? நானும் ஏமாந்தேன். பல ஆண்டுகளுக்கு முன், பால் போன்ற வெண்மைக்கு ஆசைப்பட்டு ஒரு ராஜபாளையம் குட்டியைக் காவலுக்காக வாங்கினேன். ஒரு மாதம் கழித்துத்தான் அதற்குக் காது கேட்காது என்பது புரிந்தது. இந்த இனத்தில் அப்படிச் சில குட்டிகள் பிறப்பதுண்டு. தோலுக்கு நிறம் தரும் நிறமிச் செல்கள் உட்செவியின் வேலைக்கும் தேவை. தலைமுறை தலைமுறையாக வெண்மையையே பார்த்துத் தேர்ந்தெடுத்தால், சில குட்டிகளுக்கு அச்செல்கள் உட்செவியிலும் இல்லாமல் போகின்றன. வாங்கும்போது பின்னால் நின்று ஒருமுறை கை தட்டிப் பார்த்திருந்தால் போதும். மாணவர்களுக்குச் சோதனை முறை கற்பிக்கும் நான் அதைச் செய்யவில்லை!

அந்த நாயை நான் கைவிடவில்லை. கை அசைவுகளாலேயே அதற்குப் பயிற்சி அளித்தேன். பயிற்சியைப் பற்றி நான் கற்றது அப்போதுதான். நாய் செயலையும் அதை ஒட்டி வரும் விளைவையும் இணைத்துக் கற்கிறது. உட்கார்ந்த கணத்திலேயே ஒரு துண்டு ரொட்டி கிடைத்தால் உட்காரக் கற்றுக்கொள்ளும். ஒரு நிமிடம் கழித்துக் கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது. அழைத்தும் தாமதமாக வந்த நாயைச் சிலர் அடிக்கிறார்கள். தாமதத்துக்குத் தண்டனை என்று நாம் நினைக்கிறோம்; "எஜமானிடம் போனால் அடி விழும்" என்றுதான் நாய் கற்கிறது.

காலமும் முக்கியம். மனிதத் தொடர்பே இல்லாமல் 14 வாரங்கள் வரை வளர்க்கப்பட்ட குட்டிகள், பின்னர் மனிதரைக் கண்டாலே அஞ்சி விலகியதை அமெரிக்காவில் 1961-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. குழந்தைகள், விருந்தினர், வாகனச் சத்தம் எல்லாம் குட்டிக்கு முதல் மூன்று மாதங்களிலேயே மெல்ல மெல்ல அறிமுகமாக வேண்டும். அதற்காகத் தாயிடமிருந்து முன்கூட்டியே பிரித்துவிடக் கூடாது. எட்டு வாரமாவது தாயுடன் இருக்கட்டும்.

எனவே நண்பர்களே, உங்கள் வீட்டில் நாய் வளர்க்கும் பேச்சு எழுந்தால், விலை விசாரிக்கும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: நாய்க்கு என்ன வேலை? எவ்வளவு இடம்? மே மாத வெயிலில் நிழல் உண்டா? தினமும் ஒரு மணி நேரம் அதனுடன் நடக்கப் போவது யார்? அந்நியர் வந்தால் குரைத்து எழுப்புவது மட்டுமே வேலை என்றால், உங்கள் தெருவில் பிறந்த குட்டியே போதும். நம் வெயிலுக்கும் அது பழகியது. தடுப்பூசி போட்டு, அன்பாகப் பழக்குங்கள்.

என் தெருக்காரரின் ஹஸ்கி ஆடி மாதம் கைமாறிவிட்டது. இப்போது எந்தத் திண்ணையில் இரைத்துக்கொண்டிருக்கிறதோ, தெரியாது. அடுத்த முறை "எந்த வேலைக்கு?" என்ற கேள்வியை அவர் வீட்டில் யாராவது ஒரு மாணவர் கேட்டுவிட்டால் நன்றாக இருக்கும்.